ரை விஸ்கிக்கு ஒரு பெர்மிட்

"தினமும் எம்புட்டு?" என்று கேட்டார் டாக்டர்.

"கால் பாட்டில், ஐயா," என்றார் வெள்ளைத்துரை. குனிந்த தலை நிமிரவில்லை.

மதுரையில் பஞ்சுக் கமிஷன் கடை வைத்திருக்கும் பெரிய மனிதர். மதுவிலக்கு வந்த பிறகு, குடிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்கிறவர்களுக்கு மட்டும் டாக்டர் பரிசோதித்த பிறகு பெர்மிட் கொடுக்கிறார்கள். அதற்காகத்தான் இந்த ஆபீஸில் கைகட்டி நிற்கிறார்.

நிற்பதுகூடப் பரவாயில்லை. டாக்டருக்குப் பக்கத்தில், ஊர்ப் பிரமுகர் என்ற முறையில் சாட்சிக்கு உட்கார்ந்திருப்பவர் விருமாண்டி. மனைவி முத்துத்தாயின் கூடப்பிறந்த அண்ணன். தெரிந்திருந்தால் வேறொரு நாள் வந்திருக்கலாம். ஆனால் வேறொரு நாள்வரை தாங்காது. வீட்டில் ஒரு சொட்டு இல்லாமல் நாலு நாள் ஆயிற்று. அந்த நாலு நாள் எதிரிக்கும் வரக்கூடாது.

"உமக்குக் கை நடுங்கக் காணோமே," என்றார் டாக்டர். "பெர்மிட்டை வாங்கி வித்துத் திங்கிறதுக்கே நிறையப் பேர் வாராங்க. என்ன குடிப்பீர்?"

"ரை விஸ்கி."

கம்பு மாதிரி ஒரு சீமைத் தானியத்தில் காய்ச்சுவது அது. யுத்த சமயத்தில் பஞ்சு வாங்க வந்த துரை ஒருவன், வயிற்று வலிக்கு நல்லதென்று பெட்டியோடு கொடுத்துவிட்டுப் போன சனியன்.

டாக்டர் இரண்டு கிளாஸில் வேறு வேறு சரக்கை ஊற்றி வைத்தார். "இதுல எது?"

வெள்ளைத்துரை ஒன்றை முகர்ந்து வைத்தார். இரண்டாவது மூக்கருகே வந்ததுமே முகம் சுருங்கியது.

"இதுதான். முதல் மடக்குல வறுத்த மிளகு காரம். அப்புறம் அடிநாக்குல கருப்பட்டி. மூணாவது மடக்குல கவலையெல்லாம் மறந்துரும்."

"வாயில வைக்காமலே சொல்லிட்டீரே! ரசிச்சுக் குடிக்கிற ஆளுதான்." டாக்டர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் விருமாண்டி பிடித்துக்கொண்டார். "வெத்தலைகூடப் போடாத மனுசன்னு உங்களைப் பத்தி ஊரெல்லாம் பெருமை பேசுனேனே மாப்ள! போன தீவாளிக்கு என் தங்கச்சி எலும்பும் தோலுமா நின்னா. என்னாச்சுன்னு கேட்டேன், வாயே திறக்கல. இப்பல்ல தெரியுது!"

வெள்ளைத்துரை பெர்மிட்டை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இப்பவே வாரேன். அவளைக் கையோட கூட்டிட்டுப் போறேன்."

"இன்னிக்கு வேணாம் மச்சான். நாளைக்கு வாங்க. உங்க கால்ல வேணாலும் விழுறேன்."

"ஏன், இன்னிக்குக் குடிச்சிட்டு அவளைப் போட்டு அடிக்கணுமோ?"

பெர்மிட் கடையில் பாட்டில் வாங்கும்போதும் விருமாண்டி நகரவில்லை. வண்டியூர் போகும் குதிரை வண்டியிலும் ஏறி ஒட்டிக்கொண்டார். வழி முழுக்க ஏச்சு. வண்டிக்காரன் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தான். வெள்ளைத்துரைக்குக் குதித்து ஓடிவிடலாம் போலிருந்தது. வீட்டை நினைத்தால், இந்தக் குதிரை இன்னும் வேகமாகப் போகக்கூடாதா என்றும் இருந்தது.

வீட்டின் உள்ளறை வெளியே தாழிட்டுக் கிடந்தது.

கட்டிய மனைவியைப் பூட்டி வைத்திருக்கிற குடிகாரனை விருமாண்டி இன்றுதான் பார்க்கிறார். பல்லைக் கடித்தபடி பின்னாலேயே வந்து நின்றார்.

வெள்ளைத்துரை ஒரு கணம் தயங்கினார். பிறகு தாழ்ப்பாளை நீக்கினார்.

கதவு திறந்த வேகத்தில் இரண்டு கைகள் இருட்டிலிருந்து நீண்டு பாட்டிலைப் பற்றின.

"எங்கண்ணனுக்குத் தெரியாமத்தான வாங்கியாந்தீங்க? ஊத்துங்க, எனக்குக் கை நடுங்குது!"