முதுகுச் சுழி

"ஏனுங்க, வேன் வந்து நிக்குதுங்க. குதிரைய ஏத்திப்போடலாமுங்களா?" என்றார் தரகர் செங்கோட்டையன்.

"ஏத்துங்க. இனி ஒரு நாள்கூட இந்தச் சனியன் என்ர தோட்டத்துல நிக்கக் கூடாது" என்றார் கிருபாசங்கர்.

"அப்பா, டாக்டர் வந்துட்டாங்கப்பா! அவங்க பாத்துச் சொல்லட்டும்ப்பா!"

லோகப்பிரியா குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். சிங்காநல்லூரில் பம்புசெட் பட்டறை வைத்திருக்கும் கிருபாசங்கர், மகள் ஆசைப்பட்டாளே என்று அந்தியூர்ச் சந்தையில் வாங்கி, தொண்டாமுத்தூர்த் தோட்டத்தில் கட்டி வைத்த குதிரை அது. பெயர் பவளம். அந்தப் பவளம்தான் இந்த மாதம் இரண்டு தடவை அவளைக் கீழே தள்ளிவிட்டிருந்தது.

"முதுகுல கெட்ட சுழி இருக்குதுங்க. ஏறுனவங்களத் தள்ளாம உடாது" என்றார் தரகர்.

"வாங்கறப்ப ராஜ சுழின்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?" என்றார் கிருபாசங்கர்.

"அப்பக் கண்ணுல படலீங்க. முடி மறைச்சுப்போட்டுது."

குதிரை டாக்டர் ஷைமா வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு பவளத்தின் அருகே போனார். கேரட் ஒன்றை அதன் வலது விலாப் பக்கம் நீட்டினார். பவளம் கழுத்தை வளைத்து லபக்கென்று கடித்தது. இடப்பக்கம் நீட்டினார். கழுத்து பாதியிலேயே நின்றுவிட்டது. உடம்பு மொத்தத்தையும் திருப்பித்தான் அதனால் கேரட்டை எட்ட முடிந்தது.

"புல்லத் தரையில போட்டா குனிஞ்சு திங்குதா பாப்பா?"

"இல்லீங்க டாக்டர். தொட்டியில வெச்சாத்தான் திங்குது. சேணத்த எடுத்தாலே காத மடக்கிட்டுக் கடிக்க வருது."

"திமிரு" என்றார் கிருபாசங்கர்.

ஷைமா முதுகெலும்பின் இரு பக்கமும் விரல்களை வைத்து மெல்ல அழுத்திக்கொண்டே போனார். வலப்பக்கம் ஒன்றுமில்லை. இடப்பக்கம், சேணம் உட்காரும் இடத்தில் விரல் பட்டதும் பவளத்தின் தோல் துடித்தது. முதுகைக் கீழே இறக்கி, வாலைச் சுழற்றி அடித்தது.

"திமிரு இல்லீங்க சார், வலி. கழுத்தும் முதுகும் இடப்பக்கம் இறுகிக் கெடக்குது. வாயில்லா ஜீவன் வேற எப்படிச் சொல்லும்? அதான் தள்ளி உடுது."

"நான்தான் அப்பவே சொன்னேனே, பவளத்துக்கு வலிக்குதுன்னு! இடுப்புக்கு மேல, இடப்பக்கம் வலிக்கும்!" என்றாள் லோகப்பிரியா.

"உனக்கெப்படித் தெரியும் கண்ணு?" என்றார் கிருபாசங்கர்.

அவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

காப்பித் தட்டோடு வந்த அம்மா பிரவீனாவுக்கு மகளின் சட்டைதான் முதலில் கண்ணில் பட்டது.

"அந்தச் சட்டைய எதுக்கு அம்மணி போட்ட? டெய்லர் மாத்தி டெய்லர் பாத்தாச்சுங்க டாக்டர். எல்லாரும் ஒரு தோள ஏத்தி, ஒரு தோள எறக்கித்தான் தெச்சுக் குடுக்கறானுங்க. கோயமுத்தூர்ல நேராத் தெக்க ஒரு ஆளு இல்லீங்க!"

ஷைமா அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சேணத்தைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அடியில் வைத்துத் தைத்த மெத்தை இடப்பக்கம் சப்பையாக நசுங்கியிருந்தது. வலப்பக்கம் புத்தம் புதுசு.

"சேணம் கோணலுங்களா?" என்றார் கிருபாசங்கர். "பெங்களூர்ல சொல்லி வரவெச்சதுங்க டாக்டரம்மா!"

"சேணம் நேராத்தான் இருக்குது. உக்கார்றவங்க பாரம் பூரா ஒரே பக்கம் எறங்கியிருக்குது. இதுல யார் யாரு ஏறுவீங்க?"

"எம்புள்ளயத் தவிர யாரும் ஏற மாட்டோமுங்க."

ஷைமா நிமிர்ந்து லோகப்பிரியாவைப் பார்த்தார். அந்தச் சட்டையைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பெல்லாம் எங்கோ போய்விட்டது.

"பாப்பா, இங்க வா. கால ஒட்டி வெச்சுட்டு, தரையத் தொடற மாதிரி அப்படியே குனி."

குனிந்தாள். முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தூக்கிக்கொண்டு நின்றது. குதிரைக்கு அழுத்தின மாதிரியே ஷைமா அவள் முதுகெலும்பின் ஓரமாக விரல்களை நகர்த்தினார். இடப்பக்கம், இடுப்புக்கு மேலே வந்ததும் லோகப்பிரியா "அம்மா!" என்று துள்ளி விலகினாள்.

"வேனத் திருப்பி அனுப்புங்க சார்" என்றார் ஷைமா. "குதிரை மேல தப்பில்ல, டெய்லருங்க மேலயும் தப்பில்ல. பாப்பாவோட முதுகெலும்பு வளைஞ்சிருக்குதுங்க. இன்னிக்கே எலும்பு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க."

"ஐயோ சாமி! எத்தன நாளா வலிக்குது கண்ணு? எங்ககிட்ட ஏன் சொல்லல?" கிருபாசங்கர் பதறிப்போய் மகளைப் பிடித்துக்கொண்டார்.

லோகப்பிரியா பவளத்தின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"சொன்னா பவளத்த வித்துப்போடுவீங்கன்னுதாம்ப்பா சொல்லல."