கிளெம் எழுதினால் தோல்வி

"இந்த வருஷம் யாரை முடிக்கப் போறீங்க, கிளெம்?"

தேநீரை வைத்தபடி நோரீன் கேட்டதும் கடையே சிரித்தது.

கிளெம் ஸ்டானிஃபோர்த் நிமிரவில்லை. ஷெஃபீல்டின் மாலைப் பத்திரிகை ஒன்றில் ஸ்னூக்கர் என்னும் மேசைப் பந்தாட்டம் பற்றி எழுதுகிறவர். நாளைக்கு உலகப் போட்டியின் அரையிறுதி. ஜெயிக்கப் போவது யார் என்று இன்றைய பதிப்பில் அவர் சொல்லியாக வேண்டும். அவர் யார் பெயரைச் சொன்னாலும் அந்த ஆள் தோற்றுவிடுவார் என்பது ஊருக்கே தெரியும்.

"போன வருஷம் அந்தக் கண்ணாடிக்காரர், பாவம்," என்றார் மூலையில் இருந்த தபால்காரர். "பதினேழுக்கு நாலுன்னு தோத்தாரு. இவரு சும்மா இருந்திருந்தா ஏழு ஆட்டமாவது எடுத்திருப்பாரு."

"அதுக்கு முந்தின வருஷம் அந்த அயர்லாந்துப் பையன்," என்றாள் நோரீன். "முதல் தடவையா வந்தவன். இவரு பேரைப் போட்டாரு, அவன் பெட்டியைக் கட்டிட்டான்."

"தீயணைப்பு வண்டியில ஏத்திக்கலாம் இவரை. நெருப்பு நல்லா எரியும்னு எழுதினாப் போதும், அணைஞ்சிடும்," என்றார் தபால்காரர்.

கிளெம் பன்னை ஒரு கடி கடித்துவிட்டு எழுத்தைத் தொடர்ந்தார்.

கதவு திறந்தது. சிரிப்பு நின்றது. உள்ளே வந்தவள் டோனா, கிரெய்க் ஹாக்லியின் மனைவி. கிரெய்க் இந்த ஊர்க்காரன். தகுதிச் சுற்றிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறி, நாற்பத்தொரு வயதில் முதல்முறையாக அரையிறுதிக்கு வந்திருக்கிறான். எதிரே மார்கஸ் பெல். உலகத் தரவரிசையில் முதல் இடம்.

டோனா நேராகக் கிளெம்மிடம் வந்தாள்.

"மிஸ்டர் ஸ்டானிஃபோர்த், ஒரு உதவி வேணும்."

"உக்காரும்மா."

"பெல் ஜெயிப்பான்னு எழுதிடுங்க."

"அதைத்தான் காலையிலேயே எல்லாப் பத்திரிகையும் எழுதிடுச்சே."

"அவங்க எழுதினா எழுதிட்டுப் போகட்டும். நீங்க எழுதினாத்தான் பெல் தோப்பான்."

யாரோ சிரிக்கப் பார்த்தார். நோரீன் முறைத்தாள்.

"நேத்து ஜெயிச்சு வந்ததிலேருந்து கிரெய்க் அவனாவே இல்ல," என்றாள் டோனா. "பேசினா பதில் இல்ல. கண்ணாடியைப் பார்த்துக்கிட்டு நிக்கிறான். இன்னொரு தடவை இந்த இடத்துக்கு வருவானான்னு யாருக்குத் தெரியும்? அவன் மனசு உடைஞ்சா ஆட்டமும் போயிடும். அவன் பேரை மட்டும் போட்டுடாதீங்க."

கிளெம் பேனாவை மூடினார்.

"எனக்குத் தோணினதைத்தானே எழுத முடியும், டோனா."

"என்ன தோணிச்சு?"

"சாயங்காலம் வாங்கிப் பாரு."

நோரீனுக்குப் பொறுக்கவில்லை. "ஒரே ஒரு தடவை மாத்தி எழுதினா கை ஒடிஞ்சிடுமா? நம்ம ஊர்ப் பையன்!"

கிளெம் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

"கல்லு," என்றார் தபால்காரர், கதவு மூடும் முன்பே.

மாலையில் பத்திரிகை வந்தது.

'நாளை நடுத்திரையை எடுத்துவிடுவார்கள். இரண்டு மேசைகள் இருந்த அரங்கில் ஒன்றுதான் மிஞ்சும். அதைச் சுற்றி இருட்டு பெரிதாகும். முதல்முறை அங்கே நிற்பவருக்குத் தன் காலடி ஓசைகூட யாருடையதோ போல் கேட்கும். பெல் விரைந்து ஆடுவார். ஹாக்லி காத்திருப்பார். மூன்று நாள் ஆட்டத்தில் காத்திருக்கத் தெரிந்தவருக்கு ஒரு நேரம் வரும். இன்னொரு அரையிறுதியில் இருவரும் சமபலம். யார் வென்றாலும் வியப்பில்லை. இந்த அரையிறுதியில் ஹாக்லி. பதினேழுக்குப் பதினைந்து.'

டிராம் நிறுத்தத்திலேயே படித்துவிட்டு டோனா அதை மடித்துக் கோட்டுக்குள் திணித்துக்கொண்டாள்.

வீட்டில் கிரெய்க் வாசலிலேயே நின்றிருந்தான்.

"பேப்பர் வாங்கினியா?"

"தீந்துடுச்சாம்."

"அப்போ கோட்டுக்குள்ள என்ன?"

"ஒண்ணுமில்ல. விடு."

அவன் உருவி எடுத்துவிட்டான்.

"படிக்காத, கிரெய்க்! அந்தப் பாவி மனுஷன் உன் பேரைத்தான் போட்டிருக்கான்."

அவன் நின்றபடியே படித்தான். மறுபடியும் முதலிலிருந்து படித்தான். பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அந்த ஆளு எழுதி ஒருத்தர் ஜெயிச்சதில்லையே," என்று டோனா அழுதாள்.

"எப்படி ஜெயிப்பாங்க? யாருமே சீந்தாத ஆளாப் பார்த்துத்தானே அவரு ஒவ்வொரு வருஷமும் எழுதறாரு."

டோனாவின் அழுகை பாதியில் நின்றது.

"காலையில எல்லாப் பத்திரிகையையும் பார்த்தேன். நான் எவ்வளவு மோசமாத் தோப்பேங்கறதுல மட்டும்தான் அவங்களுக்குள்ள சண்டை. நான் ஜெயிப்பேன்னு அச்சுல போட உலகத்துல ஒரே ஒரு ஆளு. அந்தக் கண்ணாடிக்காரரும் சொன்னாரு, பதினேழுக்கு நாலுன்னு தோத்தப்பவும் நிமிர்ந்துதான் ஆடினேன்னு. எங்க ஆட்டக்காரங்க எல்லாருக்கும் இது தெரியும், டோனா. வெளியில சொல்றதில்ல."

டோனா அவனையே பார்த்தாள்.

"எதுக்கு அப்படிப் பார்க்கிற? நான் பெல்லுக்குப் பயப்படல," என்று கிரெய்க் முதல்முறையாகச் சிரித்தான். "யாராவது நல்ல மனசோட போய் அவரைக் கெஞ்சி, என் பேரை எடுக்க வெச்சிடுவாங்களோன்னுதான் நேத்துலேருந்து தவிச்சுக்கிட்டிருந்தேன்."