பர்மனென்ட் அட்ரஸ்

"ஏனுங்க தெய்வாத்தாக்கா, நாகஜோதி உங்க பொண்ணுங்களா?"

"ஆமாங்க சார்."

"அவ பேசறது தெக்கத்திப் பேச்சு. நீங்க பொங்கலூரு. என்னையக் கேனையன்னு நெனைச்சீங்களா?"

செக்கிங் பிரிவில் பனியனுக்குப் பிசிறு வெட்டும் தெய்வாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

முதலிபாளையத்தில் இருந்த அந்த பனியன் கம்பெனிக்குப் புதிதாக ஒரு சாஃப்ட்வேர் வந்திருந்தது. வேலையாட்களின் விவரமெல்லாம் இனிமேல் அதில்தான். எச்.ஆர். தரணீதரன் கோவையில் இரண்டு நாள் பயிற்சி முடித்து வந்திருந்தான். வாயைத் திறந்தால் மேண்டேட்டரி, டூப்ளிகேட், வெரிஃபிகேஷன். வாட்ச்மேன்கூட அவனைக் கண்டால் ஒதுங்கிப் போனார்.

அங்கேயே வேலை பார்க்கும் நாகஜோதியின் விவரத்தை ஏற்றியதும் திரை சிவப்பாகிவிட்டது. அவளுக்கும் தெய்வாத்தாளுக்கும் ஒரே வீட்டு முகவரி, ஒரே போன் நம்பர். டூப்ளிகேட்.

"தங்கற எடம் பிரசன்ட் அட்ரஸ். பொறந்த ஊடு பர்மனென்ட் அட்ரஸ். ரெண்டும் வேறங்க. சொந்த ஊரு மேண்டேட்டரி, நெரப்பாம சேவ் ஆகாது."

"எங்கூட்டு அட்ரஸே இருக்கட்டுங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அந்தப் புள்ள வந்துங்க..."

"ஆள் புடிச்சு உட்டதுக்குக் கமிஷன் எவ்வளவு வாங்கினீங்க?"

அவள் அதற்குமேல் பேசவில்லை. குட்டு வெளிப்பட்டதும் வாயடைத்துப் போனாள் என்று தரணீதரன் நினைத்துக்கொண்டான்.

வயதுச் சான்றுக்காக நாகஜோதி கொடுத்திருந்த பள்ளிச் சான்றிதழைத் தேடி எடுத்தான். அப்பா பெயர் இருந்தது, ஊர் இருந்தது. தட்டினான். திரை பச்சையானது. 'உங்கள் மகள் எங்களிடம் வேலை பார்க்கிறார், முகவரியை உறுதி செய்யவும்' என்று ஒரு கடிதத்தையும் அதுவே அச்சடித்துத் தந்தது. கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்தான்.

பத்து நாள் கழித்து நாகஜோதி வேலைக்கு வரவில்லை. மூன்று நாள் பார்த்துவிட்டுத் தெய்வாத்தாளைக் கூப்பிட்டான்.

"எங்க உங்க பொண்ணு?"

"அவங்கண்ணனுங்க வந்து இழுத்துட்டுப் போயிட்டாங்க சார். ரெண்டாந்தாரமாக் கட்டிவெக்கப் பாத்தாங்கன்னு தப்பிச்சு வந்த புள்ளைங்க அது. ஒரு வருசமா எங்கூட்லதான் ஒளிஞ்சிருந்துச்சு."

"அக்கா, இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"ஆருகிட்டயும் சொல்லப்படாதுன்னு சத்தியம் வாங்கியிருந்துச்சுங்க. அதையும் மீறிச் சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தனுங்க. நீங்க கமிஷன் எவ்வளவுன்னு கேட்டுப்போட்டீங்க."

அவள் பிசிறு வெட்டப் போய்விட்டாள். தரணீதரனுக்கு என்ன காரியம் செய்துவிட்டோம் என்று இருந்தது.

வேலையிலிருந்து விலகியவர்கள் பக்கத்துக்கு நாகஜோதியின் பெயரை மாற்றப் போனான். விலகிய காரணம் என்ன என்று கேட்டது கம்ப்யூட்டர். உடல்நலம், படிப்பு, திருமணம் என்று ஒன்பது காரணங்கள் வரிசையாக இருந்தன.

ஒன்பதிலும் அவன் பெயர் இல்லை.