சத்தம் போடக் கூடாத வீடு

யாரு சொன்னா உனக்கு, ஆன்ட்டிவைரஸ் போட்டுட்டா வைரஸே வராதுன்னு? மழைக்கோட்டை வாங்கி ஆணியில மாட்டிட்டுத் தெருவுல இறங்கினா நனையாம இருப்பியா? நம்ப மாட்டேன்னு தலையாட்டாதே. ஒரு வீட்டுல நடந்ததைச் சொல்றேன் கேளு, அப்புறம் ஆட்டு.

அந்த வீட்டு மருமக, கண்ணு தெரியாத பிள்ளைங்களுக்குப் பாடப் புத்தகத்தை வாசிச்சு ரெக்கார்டு பண்ணிக் குடுக்கறவ. சின்ன ரூம், ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர், ஒத்தை நாற்காலி. கதவைச் சாத்தினான்னா வீடே மூச்சை அடக்கிக்கணும். ஃபேன் ஓடக் கூடாது, காலிங்பெல் அடிக்கக் கூடாது. மாமியாருக்குத் தும்மல் வந்தாகூட முந்தானையால வாயை அமுக்கிக்கணும். வேலை முடிஞ்சு வெளிய வந்தா, தொண்டை கெட்டுடும்னு பேசவும் மாட்டா. "சரி அத்தை", "வேணாம் அத்தை", அவ்வளவுதான்.

அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள வரலாற்றுப் பாடம் மொத்தத்தையும் அனுப்பியாகணும். பரீட்சை வருது, பிள்ளைங்க அதைக் காதால கேட்டுத்தான் படிக்கணும். மத்தியானம் கம்ப்யூட்டரைத் திறந்தா, போச்சு! ஒரு ஃபைலும் திறக்கல. பேரெல்லாம் கண்டபடி மாறிக் கெடக்கு. 'பூட்டிட்டோம், பணம் குடுத்தாத்தான் சாவி'ன்னு திரை முழுக்கச் சிவப்பு எழுத்து.

"ஐயையோ, ஏங்க! ஓடி வாங்க!"

புருஷன் ஓடி வந்தான். ஆபீஸ்ல அவனுக்குக் கம்ப்யூட்டர் புலின்னு பேரு. புலி சுத்திமுத்திப் பாத்துச்சு. அம்மா இடுப்புச் சாவிக்கொத்துல ஒரு பென்டிரைவ் தொங்குது.

"ஏம்மா, இதை அவ கம்ப்யூட்டர்ல சொருகினியா?"

"சொருகினேன். தினமும்தான் சொருகறேன்."

"தினமுமா!" மருமக அடக்கி அடக்கி வச்சிருந்த குரலெல்லாம் ஒண்ணா வெளிய வந்துடுச்சு. "அத்தை, அந்த ரூமுக்குள்ள யாரும் போகாதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! கண்ட பென்டிரைவ்லதானே வைரஸே வருது!"

மாமியார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை பாத்து ரிட்டயர் ஆனவ. ஊர்ப் பேச்செல்லாம் காதுல வாங்கி ஒண்ணையும் வாய்ல விடாதவ. ஒரு தடவை ஒயரை மாத்திச் சொருகிட்டா பாரு, வருஷக்கணக்காப் பேசாம இருந்த அண்ணனும் தம்பியும் ஆளு தெரியாமப் பேசிச் சிரிச்சு... அதை ஆரம்பிச்சா இது முடியாது. அன்னைக்கும் மருமக கத்தினதைக் காதுல வாங்கிக்கிட்டு, சாவிக்கொத்தை இடுப்புல இறுக்கிக்கிட்டா.

கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ற பொண்ணு ஸ்கூட்டர்ல பறந்து வந்தா. உக்காந்தா, தட்டினா, நிமிந்தா.

"ஆன்ட்டிவைரஸை அணைச்சு வச்சது யாரு?"

"வேற யாரு? அம்மாவாத்தான் இருக்கும்"னான் புலி.

"காலையில யாரோ ஒரு சாஃப்ட்வேர் ஏத்தியிருக்காங்க. ரெக்கார்டிங்ல இரைச்சலை எடுக்கறதாம். காசு குடுத்து வாங்க வேண்டியதை எங்கிருந்தோ ஓசியில இறக்கினது. 'ஏத்தும்போது ஆன்ட்டிவைரஸ் கத்தும், பயப்படாம அணைச்சுடுங்க'ன்னு அதுலயே எழுதியிருக்கு. சொன்ன பேச்சைக் கேட்டு அணைச்சிருக்காங்க. நாயைக் கட்டிப் போட்டுட்டுத் திருடனுக்கு விளக்குப் பிடிச்சிருக்காங்க!"

இப்ப அந்த வீட்டுல நெஜமாவே சத்தம் இல்ல.

"அது... தெரு ஹார்ன் சத்தம் கேக்குதுன்னு இவ பொலம்பினா. சுத்தம் பண்ணித் தரலாமேன்னு..." புலி பூனையாச்சு. "அது எப்பவுமே எதுக்காவது கத்திக்கிட்டுத்தானே இருக்கு!"

பாத்தியா? உள்ள வந்தவன் பூட்டை உடைக்கல. வீட்டுக்காரன் கையாலயே தாழ்ப்பாளை எடுக்க வச்சான். இப்ப ஆட்டு உன் தலையை.

"என் பாடமெல்லாம் திரும்ப வருமா, வராதா? அதைச் சொல்லும்மா"ன்னா மருமக.

"பூட்டினதைத் திறக்க என்னால ஆகாதுக்கா. வேற எங்கயாவது காப்பி வச்சிருக்கீங்களா?"

"இல்லையே! பிள்ளைங்க காத்துக்கிட்டிருப்பாங்களே!" அப்படியே சுவத்துல சாஞ்சுட்டா.

மாமியார் சாவிக்கொத்துலேர்ந்து பென்டிரைவைக் கழட்டி நீட்டினா. "இதுல இருக்கும், பாரு."

"இருங்கம்மா, இந்தக் கம்ப்யூட்டர்ல வேணாம்." பொண்ணு தன் லேப்டாப்ல சொருகிச் சோதிச்சா. வைரஸ் கியிரஸ் ஒண்ணும் இல்ல. பட்டனைத் தட்டினா.

கணீர்னு கிளம்புச்சு மருமக குரல்! முதல் பாடத்துலேர்ந்து நேத்து முடிச்ச கடைசிப் பாடம் வரைக்கும் ஒண்ணு விடாம இருக்கு! மருமக குதிச்ச குதியில மைக்கே சாஞ்சுடுச்சு. "அனுப்பு, அனுப்பு, இதுலேர்ந்தே அனுப்பு!" அந்த லேப்டாப்லேர்ந்தே எல்லாம் போய்ச் சேந்துது. சாயங்காலம்கூட ஆகல.

நிம்மதியா மூச்சு விட்டதும்தான் அவளுக்கு ஞாபகம் வந்துச்சு.

"அத்தை, உங்களுக்கு எதுக்கு இந்தப் பாடமெல்லாம்?"

"எந்த ராஜா எவனோட சண்டை போட்டா எனக்கென்னம்மா? நீ குளிக்கப் போறப்போ இதுல ஏத்திக்குவேன். மத்தியானம் ரேடியோப் பெட்டியில போட்டுக் கேப்பேன், உனக்குக் கேக்காம." முந்தானையில பென்டிரைவைத் தொடச்சுக்கிட்டே சொன்னா. "எங்கிட்ட நீ பேசறது ரெண்டு வார்த்தை. இதுல நிறுத்தாமப் பேசறியே."

மருமக அந்த ரூம் கதவை அகலமாத் திறந்து வச்சா. தொண்டையாவது ஒண்ணாவது, வீடே அதிர ஒரு கத்து:

"ஏங்க! அங்க நிக்காம, கூடத்துல இருக்கற இன்னொரு நாற்காலியை உள்ள தூக்கிட்டு வாங்க!"