சாணைக்கல்லின் முகம்

கிட்ட வந்து உட்காருங்க. சாணைக்கல் சுத்துற சத்தத்துல, தூரத்துல இருந்தா இந்தக் கதை காதுல விழாது.

ஒரு பட்டறையில் சின்னப் பல்சக்கரம் ஒன்று தன் முறைக்குக் காத்திருந்தது. உலைச் சூட்டில் அதன் பற்கள் லேசாகக் கோணியிருந்தன. சாணை பிடித்தால்தான் வண்டியில் சேர்ப்பார்கள். ஆனால் அதற்கு முன்னால் போன அண்ணன் சக்கரமோ பல்லெல்லாம் கருகிக் கழிவுத் தொட்டியில் கிடந்தது. அதைப் பார்த்துச் சின்னது வரிசையில் பின்னுக்கு நகர்ந்தது.

"வாடா தம்பி, ஏன் பயப்படுறே? பல்லுக்கு ஒரு மயிரிழைதான் எடுப்பேன். வலிக்கவே வலிக்காது" என்றது சாணைக்கல்.

சின்னது அதன் முகத்தைப் பார்த்தது. அண்ணனின் இரும்புத்தூள் அப்பி, முகம் மழமழவென்று மழுங்கியிருந்தது. இது சீவாது, தேய்த்தே எரித்துவிடும் என்று அதற்குப் புரிந்துபோயிற்று.

"அண்ணே, கல்லோட முகத்தைச் சீவுறதுக்குன்னே அங்க வச்சிருக்காங்களே, அந்த வைர முனையில ஒரு தடவை முகத்தைச் சீவிக்கிட்டு வாங்களேன்."

கல்லின் சுற்று தடுமாறியது. "வைரமா? அது என்னையே சுரண்டிப்புடுமேடா!"

"எவ்வளவு சுரண்டும்?"

"ஒரு... மயிரிழை."

"அப்ப வலிக்கவே வலிக்காதுண்ணே."

வரிசையில் நின்ற சக்கரங்கள் களுக்கென்று சிரித்தன. வேறு வழியில்லாமல் கல் போய் வைரத்தில் முகத்தை வைத்தது. அது போட்ட அலறலில் பட்டறைக் கூரை அதிர்ந்தது.

திரும்பி வந்தபோது முகம் புதுசாய்ச் சொரசொரத்தது. சின்னதுக்குப் பயம் இன்னும் முழுசாய்ப் போகவில்லை. "சூடேறாம எண்ணெயை நல்லா ஊத்திக்கிட்டே வாங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, முதல் பல்லைத் தானே நீட்டியது.