வாசலை ஒட்டிய அறை

புது வீட்டு பிளான் பத்து நாளாகச் சாப்பாட்டு மேஜைமேல் விரித்தபடியே கிடந்தது.

"யாருக்கு என்ன தோணுதோ இதுலயே எழுதிருங்க. கட்டி முடிச்ச பெறகு என்னையக் குறை சொல்லக் கூடாது" என்று அய்யப்பன் சொன்னாலும் சொன்னான், ஆளாளுக்குப் பேனாவும் கையுமாக இறங்கிவிட்டார்கள்.

மகள் நிவேதா மாடியறைக்கு இன்னொரு ஜன்னல் கேட்டிருந்தாள். சித்தப்பா கோட்டைச்சாமி தண்ணீர்த் தொட்டியை இரண்டு மடங்காக்கச் சொல்லி, 'லாரித் தண்ணிக்குத் தெருவில் நின்றது போதும்' என்று காரணமும் எழுதி, கீழே கையெழுத்து வேறு போட்டிருந்தார்.

அக்கா அன்னக்கிளி மட்டும் எதுவும் எழுதவில்லை.

"எனக்கென்னடா தெரியும்? எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று காபி டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவளுக்காக அய்யப்பனே யோசித்திருந்தான். வீட்டின் பின்பக்கம், அடுப்படியை ஒட்டி, கொல்லையைப் பார்த்த மாதிரி பெரிய அறை. தனி பாத்ரூம். அத்தான் போய்ச் சேர்ந்த பிறகு ஒன்பது வருஷமாகத் தம்பி வீடுதான் அவளுக்கு வீடு. தாயில்லாத தன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள், இனியாவது நிம்மதியாக இருக்கட்டும். தன் டைல்ஸ் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்வான். சொல்லும்போது அவனுக்கே தன்மேல் ஒரு மரியாதை வரும்.

திங்கட்கிழமை, ராகுகாலம் கழிந்ததும் பிளானை அப்படியே சுருட்டிக்கொண்டு இன்ஜினியரைப் பார்க்கக் கிளம்பினான். ஹாலில் அன்னக்கிளி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மோட்டாரு ஓடுதான்னு பாருக்கா."

அவள் மடித்த சேலையை அப்படியே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள். அவன் சாமி படத்தைக் கும்பிட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தான்.

இன்ஜினியர் விஷ்வா பிளானை விரித்ததும் புருவத்தைச் சுருக்கினான்.

"என்ன சார், பின்னாடி ரூமை அடிச்சுட்டு முன்வாசலை ஒட்டி ஒரு ரூம் போட்டிருக்கு? கதவு நேரா வாசப்படியைப் பாக்குது. வாட்ச்மேனுக்கா?"

சிவப்பு மையில் ஒரு கட்டம். அதற்குள் பொடி எழுத்தில் 'மதினி ரூம்' என்று எழுதியிருந்தது. மனைவி துர்காதேவியின் கையெழுத்து.

அய்யப்பனுக்கு முகம் சுண்டிப்போனது. செருப்புக் கழற்றிப் போடுகிற இடம். பால்காரரும் கூரியர்காரரும் வந்து நிற்கிற இடம். அங்கேயா அக்கா படுப்பாள்?

"அதை விட்டுருங்க தம்பி. பழைய எடத்துலயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவன், மனசு ஆறாமல் சித்தப்பாவுக்குப் போன் போட்டான்.

"நான் நெனச்சேன்டா" என்றார் கோட்டைச்சாமி. "இன்னிக்கு வாசலோரம்பா, நாளைக்கு வாசலுக்கு வெளியம்பா. ஆரம்பத்துலயே கேட்டுரு."

கேட்காமல் விடுவதாக அவனும் இல்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் பிளானை மேஜைமேல் எறிந்தான்.

"எங்கக்கா என்ன, ஒனக்கு வாசல் காக்குற ஆளா?"

சத்தம் கேட்டு அன்னக்கிளி ஓடிவந்தாள். சிவப்புக் கட்டத்தைப் பார்த்ததும் பதறிப்போனாள்.

"ஐயய்யோ, முன்னாடி வேணாம் துர்கா. நாலு பேரு நல்ல காரியத்துக்குக் கிளம்புற எடம். எனக்குப் பின்னாடிதான் தோது. இதுக்குப் போயிச் சண்டை போடாதீக." அதற்குமேல் நிற்காமல் உள்ளே போய்விட்டாள்.

"கேட்டியா? அவளே சொல்லிட்டா" என்றான் அய்யப்பன்.

துர்கா குரலை உயர்த்தவில்லை.

"அவுக இப்படித்தான் சொல்லுவாகன்னு தெரிஞ்சுதான் கேக்காம எழுதுனேன். ஒன்பது வருசமா இந்த வீட்ல யாரு கிளம்புனாலும் மதினி ஓடிப்போயி உள்ள ஒளிஞ்சுக்கிறாக. நிவேதா பிளஸ் டூ பரீட்சைக்குப் போனப்ப, அடுப்படிக் கதவுக்குப் பின்னாடி நின்னு அவளுக்காகச் சாமி கும்பிட்டாக. புள்ளை மொகத்தைக்கூடப் பாக்கலை. எனக்கு வயிறெரிஞ்சு போச்சு."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் விடவில்லை.

"புது வீட்லயும் அது நடக்கக் கூடாது. யாரு வாசப்படி தாண்டுனாலும் அவுக மொகத்தைப் பாத்து, போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுத்தான் தாண்டணும். அதுக்குத்தான் அந்த எடம்."

அய்யப்பன் தலையைக் குனிந்து பிளானையே பார்த்தான். பிறகு ஒருவழியாகச் சமாளித்துக்கொண்டான்.

"அவளா போயி ஒளிஞ்சா அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? நீ எதுக்க வராதேன்னு நான் என்னிக்காச்சும் சொல்லியிருக்கேனா? சகுனம் பாக்குறவனா நானு?"

துர்கா அவனை ஏறிட்டுப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"நம்ம மோட்டாரு எரிஞ்சுபோயி ரெண்டு மாசமாச்சு. இன்னிக்குக் காலையிலயும் 'மோட்டாரு ஓடுதான்னு பாருக்கா'ன்னு அனுப்புனீக. அவுகளும் போயி, ஒங்க வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டுற வரைக்கும் அந்த ஓடாத மோட்டாருகிட்டயே நின்னாக."