தம்பி சார் கேட்ட கிளி

முப்பத்தாறாவது கிளிக்குக் கண் வைத்துவிட்டுத் தூரிகையைத் தண்ணீரில் போட்டபோது, நெல்லையப்பனுக்குச் சந்தோஷமும் வரவில்லை, துக்கமும் வரவில்லை. கிளி அவனைப் பார்த்தது. அவன் கிளியைப் பார்த்தான். பிறகு ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு புத்தகத்தைத் தைக்க உட்கார்ந்தான்.

முதல் கிளியை வரையும்போது மனசு குளுகுளுவென்று இருந்தது. ஏழாவது கிளியில் ரசனை போயிற்று. பன்னிரண்டாவதில் எரிச்சலும் போயிற்று. அதற்குமேல் போக ஒன்றும் மிச்சமில்லாததால் வேலை மளமளவென்று நடந்தது.

திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்து எட்டு மாதம். ஒரு சர்க்கார் ஆபீசில் படம் வரைகிற உத்தியோகம், டெம்பரரி. மாமனார் குற்றாலலிங்கம் பிள்ளை, மகள் முத்தாரம்மாளைத் தம் வீட்டிலேயே நிறுத்திக்கொண்டு கார்டு போட்டிருந்தார்: 'டெம்பரரி மாப்பிள்ளைக்குப் பெர்மனன்ட் பெண்டாட்டி எதற்கு? ஆர்டர் வரட்டும், அனுப்புகிறேன்.'

ஆர்டர் போட வேண்டியவர் சூப்பிரண்டெண்டு வேலாயுதன் தம்பி. வயது ஐம்பத்து மூன்று. அவரைப் போய் ஆபீசில் எல்லோரும் தம்பி, தம்பி என்று கூப்பிடுவதைக் கேட்டு முதல் வாரம் நெல்லையப்பன் பதறிப்போனான். இந்த ஊரில் அது பெரிய குடும்பத்துப் பட்டம் என்று பிறகுதான் தெரிந்தது.

ஒரு நாள் தம்பி சார் அவனைக் கூப்பிட்டார். "எடோ நெல்லையப்பா, பொன்முடியில எஸ்டேட் வச்சிருந்த துரை அதை வித்துட்டுச் சீமைக்குப் போறார். செக்ரட்டரிக்கு ரொம்ப வேண்டியவர். கையால செய்த கிளிப் புஸ்தகம்னா அவருக்கு ஜீவனாக்கும். அலமாரி நிறைய சேர்த்து வச்சிருக்கார்."

"கிளிக்குன்னே புஸ்தகமா சார்?"

"பின்னே? நம்ம நாட்டுக் கிளி முப்பத்தாறு வரையணும். ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்கப்படாது. அந்த வெள்ளாயணிக் காயல்ல மீன் பிடிக்கிற கிளி, அதை மறக்கப்படாது கேட்டோ. துரைக்குப் பிடிச்சா அன்னிக்கே உன்னோட ஆர்டர்ல நான் ஒப்பு போடும். மனசிலாயோ?"

"மனசிலாச்சு சார்."

எட்டு மாதத்தில் அவன் கற்றுக்கொண்ட மலையாளம் அந்த ஒரு வார்த்தைதான். மேலதிகாரி எது சொன்னாலும் அது போதுமானதாக இருந்தது.

சாலைக் கடைத்தெருவில் சாயம் விற்கிற பகவதிப்பெருமாள்தான் சந்தேகப்பட்டார். "என்னவே, வாராவாரம் நாலு குப்பி பச்சை வாங்குதேரு? ஊருக்கே பெயின்ட் அடிக்கப் போறேரோ?"

"சர்க்கார் கிளிவே. முப்பத்தாறு."

"சர்க்காருக்குக் கிளி எதுக்குவே?"

"சொன்னதைத் திருப்பிச் சொல்ல ஆபீசுல ஆள் பத்தலையாம்."

கொய்யா தின்கிற கிளி, தலைகீழாகத் தொங்குகிற கிளி, பொந்துக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிற கிளி, காரணமில்லாமல் முறைக்கிற கிளி. சர்க்கார் கேட்டுவிட்டதே என்று, காயல் கரையில் அலகில் அயிரை மீனைக் கவ்விக்கொண்டு ஒரு கிளி. அந்தக் கிளியின் முகத்திலும் பெரிதாக ஒரு விருப்பம் தெரியவில்லை. சுதந்திரம் வந்து மூன்று வருஷம் ஆகியும் ஒரு துரைக்காகக் கிளிக்கு மீன் ஊட்ட வேண்டியிருக்கிறதே என்று வரைகிறவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். நெல்லையப்பனுக்கு அதுவும் தோன்றவில்லை.

கெட்டிக் காகிதம், பலாப்பலகை அட்டை, சிவப்புப் பட்டு நூல் தையல். சனிக்கிழமை காலையில் புத்தகம் தம்பி சாரின் மேசையில் இருந்தது. பக்கத்தில் டைப் அடித்த ஆர்டர். தம்பி சார் பேனாவின் மூடியைக் கழற்றிக் கையில் தயாராக வைத்திருந்தார். நெல்லையப்பன் கதவோரம் நின்றான்.

எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்த துரை அட்டையைத் தடவினார். தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முதல் பக்கத்தைத் திறந்து, "பியூட்டிஃபுல்" என்றார்.

இரண்டாம் பக்கத்துக்கு, "வெரி நைஸ்."

மூன்றாம் பக்கத்தைத் திறந்தார். திரும்பி முதல் பக்கத்துக்குப் போய்விட்டு வந்தார். எட்டாவதுக்குப் பிறகு வேகமாகப் புரட்டினார். மீன் கவ்விய கிளி வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். கிளி மாறவில்லை.

கடைசிப் பக்கம் முடிந்ததும் துரை மரியாதையாக இங்கிலீஷில் ஏதோ கேட்டார். தம்பி சார் புத்தகத்தை வெடுக்கென்று இழுத்து முன்னிருந்து பின்னும் பின்னிருந்து முன்னும் புரட்டினார்.

"எடோ! மத்ததெல்லாம் எங்கேன்னு துரை கேட்கிறார். கொக்கு எவிடெ? மைனா எவிடெ? ஆந்தை எவிடெ?"

நெல்லையப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சார், நீங்க கிளிதானே சார் கேட்டீங்க?"

தம்பி சார் அவனைப் பார்த்தார். ஆர்டரைப் பார்த்தார். பேனா மூடியை எடுத்து நிதானமாகத் திருகி மூடினார்.

"எடோ, எங்க பாஷையில பறக்கிறதெல்லாம் கிளிதானேடோ!"